ஐஸ் இல்லாத ஐஸ் ஹாக்கி அணி!

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் என்றால் மீனுக்கு உடைத்துப் போடுவது. சிதம்பரத்தில் ஐஸ் என்றால் சர்பத்துக்குப் போடுவது. ஐஸ் மேல் ஹாக்கி ஆட இந்தியாவுக்கு ஒரு அணி இருக்கிறது என்றால் இரண்டு ஊரிலும், "சும்மா கதை விடாதே" என்பார்கள்.

ஆனால் நிஜமாகவே இருக்கிறது! சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் இந்தியா 1989-லேயே சேர்ந்துவிட்டது. ஆண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டியில் ஆடியதோ 2009-ல், அபுதாபியில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பையில். நடுவில் இருபது வருஷம் போய்விட்டது.

திறமை இல்லாமல் இல்லை. வீரர்களில் பெரும்பாலானோர் லடாக்காரர்கள். அங்கே குளம் உறைந்து கிடப்பது சுமார் இரண்டு மாதம்தான். அது உருகினால் பயிற்சியும் முடிந்தது.

2011-ல் டேராடூனில் செயற்கை ரிங்க் வந்தது. 2012-ல் அதே கோப்பையின் கீழ்ப்பிரிவு ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன. பிறகு ரிங்க்கை நடத்தும் செலவு தாங்காமல் பல வருஷம் மூடிக் கிடந்து, 2025-ல்தான் மறுபடி உயிர் பெற்றது.

வெயில் கொளுத்தும் கடலூரிலேயே ஐஸ் கம்பெனிகள் பார் பாராக ஐஸ் உறைய வைக்கின்றன. மீனை விற்றால் கரண்ட் பில் கட்டக் காசு வந்துவிடும். ஹாக்கி ரிங்க்குக்கு யார் கட்டுவது? இந்த அணி தோற்கும்போது சிரிப்பவர்கள் அதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.