முதல் வரியிலேயே சொல்லிவிட்டான்

கொலை மர்மப் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் முதலில் பேசுவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். "எனக்கு இடைவேளையிலேயே தெரிஞ்சுபோச்சு" என்பார் ஒருவர். "கடைசி வரைக்கும் தெரியவே இல்லப்பா" என்பார் இன்னொருவர். தெரிந்துபோனவருக்குப் படம் சப்பென்று ஆகிவிடுகிறது, தெரியாதவருக்கு அது அருமையான படம். இந்த ஒரே அளவுகோலை வைத்து அநியாயமாகக் குறைத்து மதிப்பிடப்படுகிற படம் என்று எனக்கு எப்போதும் தோன்றுவது 'லாரா'. ஓட்டோ பிரெமிஞ்சர் இயக்கி, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 1944இல் வெளியிட்ட அமெரிக்கப் படம். மொத்தம் 88 நிமிடம். போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் மொத்தமாகப் பிரான்சுக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றில் சிலவற்றுக்கு நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் 1946இல் 'ஃபிலிம் நுவார்' என்று பெயர் வைத்தார். அந்தச் சிலவற்றில் 'லாரா'வும் உண்டு.

கொலையாளி யார் என்பதை நான் இங்கே சொல்லத்தான் போகிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் படத்தின் அருமையைப் பேச எனக்கு வழி தெரியவில்லை. வால்டோ லைடெக்கர்தான் கொலையாளி. நியூயார்க்கில் பத்திரிகைப் பத்தியும் வானொலிப் பேச்சுமாகப் பேர் வாங்கியவன், நாக்கில் விஷம் உள்ளவன்.

இதைத் தெரிந்துகொண்டு முதல் காட்சியைப் பாருங்கள். திரையில் ஆள் யாரும் இல்லை. குரல் மட்டும் கேட்கிறது. லாரா இறந்த அந்த வார இறுதியைத் தன்னால் மறக்கவே முடியாது என்று துக்கத்தோடு தொடங்குகிறது வால்டோவின் குரல். கேமரா கண்ணாடி அலமாரிகளையும் அவற்றிலுள்ள விலையுயர்ந்த கலைப்பொருள்களையும் மெதுவாகக் கடந்து போகிறது. லாராவை உண்மையில் அறிந்தவன் தான் ஒருவன்தான் என்கிறது குரல். துப்பறிய வந்தவன் கூடத்தில் காத்திருக்கிறான். அவன் என் கடிகாரத்தையே பார்க்கிறான், இதற்கு ஒரே ஒரு ஜோடிதான் உலகத்தில் உண்டு, அது லாரா கொலையான அறையிலேயே இருக்கிறது என்று தானாகவே சொல்லிவிடுகிறது. கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி ஒளித்து வைக்கப்பட்டிருப்பது அந்த இன்னொரு கடிகாரத்தின் அடிப்பாகத்தில். படம் தொடங்கிச் சில நொடிகளில் கொலைகாரனே தன் வாயால் துப்பைக் கொடுத்துவிடுகிறான். கேட்டுக்கொண்டிருக்கிற நாம் அதைத் துப்பாகக் கேட்பதில்லை, ரசனையுள்ள ஒரு பணக்காரனின் பெருமையாகத்தான் கேட்கிறோம்.

அந்த முதல் வாக்கியத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. லாரா இறக்கவில்லை. முகம் சிதைந்து கிடந்த உடல் டயான் ரெட்ஃபெர்ன் என்ற மாடல் பெண்ணுடையது. லாரா என்று நினைத்து வால்டோ சுட்டது அவளைத்தான். அந்தக் குரல் துக்கம் காட்டும்போது பொய் சொல்கிறது, ஆனால் லாரா செத்துவிட்டாள் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டும் இருக்கிறது. கொன்ற இரண்டாம் நாளே அவளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்ட ஒருவனின் குரல் அது. முதல் தடவை பார்க்கிறவருக்கு இதில் எதுவும் கிடைக்காது.

கடைசியில் வால்டோ செத்துப்போகிறானே, செத்துப்போகிறவன் எப்படிக் கதை சொல்ல முடியும், இது ஓட்டை இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை என்பேன். கல்லறையிலிருந்து வருகிற குரலாக அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தன் காரியம் முடிந்தது என்று நம்பி, அதை அழகான வசனமாக்கிக்கொண்டிருக்கிற மனிதனின் குரல். துப்பறிபவன் கதையைக் கையில் எடுத்துக்கொண்டதும் அது ஓய்ந்துவிடுகிறது.

அடுத்த காட்சியும் அப்படித்தான். பளிங்குத் தொட்டியில் குளித்தபடியே குறுக்குப் பலகையில் டைப்ரைட்டரை வைத்து வால்டோ தட்டிக்கொண்டிருக்கிறான். துப்பறிய வந்த மார்க் மெக்ஃபர்சன் ஒரு கேள்வி கேட்கிறான்: இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எழுதிய பத்தியில், ஹாரிங்டன் என்பவரை யாரோ வேட்டைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றதாக எழுதினீர்கள். லாராவைக் கொன்றதும் அப்படித்தான். ஆனால் ஹாரிங்டன் செத்தது ஓர் இரும்புக் குண்டால் அடிபட்டு அல்லவா? தன் கற்பனை நிஜத்தைவிட மேலானது என்கிற தோரணையில் வால்டோ பதில் சொல்லிவிட்டுத் துண்டைக் கேட்கிறான். ஒரு கொலையை மனத்துக்குள் தனக்குப் பிடித்த விதத்தில் மாற்றி எழுதிய கை அது என்பது நம் கண்முன்னால் வைக்கப்படுகிறது. வால்டோவாக நடித்த கிளிஃப்டன் வெப் பல ஆண்டுகள் மேடையில் பழுத்தவர். அந்த அலட்சியத்தில் ஒரு துளிகூடக் கூடவோ குறையவோ இல்லை.

என் அக்கா மகனோடு இதைப் பார்த்தபோது, பாதிப் படம் ஓடுவதற்குள் "மாமா, அந்தக் குளிக்கிற ஆளுதானே?" என்று கேட்டுவிட்டான். ஆமாம் என்றேன். அதற்குமேல் படத்தை அவன் போட்டியாகப் பார்க்கவில்லை. இறுக்கம் தளர்ந்து உட்கார்ந்தபோதுதான், வால்டோ லாராவுக்குக் கொடுத்திருந்த கடிகாரத்தைத் திரும்பக் கேட்டு வருகிற இடத்தில் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் தெரிந்த பிறகு நமக்கு ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறதா என்பதே ஒரு மர்மப் படத்திடம் நான் கேட்கிற கேள்வி. 'லாரா' மிச்சம் வைத்திருப்பது ஏராளம்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் வருகிற அந்த ராத்திரி. வெளியே மழை. மெக்ஃபர்சன் தனியாக லாராவின் வீட்டுக்கு வருகிறான். விசாரணைக்கு இனி அங்கே எதுவும் இல்லை. கோட்டைக் கழற்றுகிறான், டையைத் தளர்த்துகிறான். அவளுடைய கடிதங்களைப் புரட்டுகிறான். படுக்கையறைக்குப் போய் இழுப்பறையைத் திறக்கிறான், கைக்குட்டையைத் தொடுகிறான், சென்ட் பாட்டிலைத் திறந்து முகர்கிறான், துணி அலமாரியைத் திறந்து பார்த்து மூடுகிறான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததும் கூசிப்போகிறான். வசனமே கிடையாது. சுவரில் அவள் ஓவியம். லாராவாக நடித்த ஜீன் டியர்னியின் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி, மேலே சாயம் பூசி எண்ணெய் ஓவியம்போல ஆக்கியது அது. ஜோசஃப் லஷெல்லின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கு அந்த வருஷம் ஆஸ்கர் கிடைத்தது. இந்த ஒரு காட்சிக்கே கொடுத்திருக்கலாம்.

பேசாத அந்த மனிதனுக்காகப் பேசுவது டேவிட் ராக்ஸினின் இசை. பிரெமிஞ்சர் முதலில் டியூக் எலிங்டனின் பழைய மெட்டு ஒன்றைப் போடத்தான் நினைத்திருக்கிறார். ராக்ஸின் ஒத்துக்கொள்ளாமல் வாதாட, ஒரு வார இறுதிக்குள் வேறு மெட்டோடு வா என்று தவணை கொடுக்கப்பட்டது. எதுவும் சரியாக வரவில்லை. அப்போது மனைவியிடமிருந்து வந்திருந்த கடிதத்தை எடுத்து பியானோவின் மேல் வைத்துப் படித்தபோதுதான், அவள் தன்னைவிட்டுப் போகிறாள் என்பது உறைத்தது, மெட்டும் வந்தது என்று ராக்ஸின் பின்னாளில் சொன்னார். இல்லாத பெண்ணுக்காக ஏங்குகிற இசை அது என்பதைக் காது உள்ளவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ராத்திரியிலேயே வால்டோ வந்து, பிணத்தின்மேல் காதல் கொண்டவன் என்று மெக்ஃபர்சனைக் குத்திவிட்டுப் போகிறான். குடித்துவிட்டு ஓவியத்தின் கீழ் நாற்காலியிலேயே மெக்ஃபர்சன் தூங்கிப்போகிறான். கதவு திறக்கிறது. மழைக்கோட்டும் தொப்பியுமாக லாரா வந்து நிற்கிறாள். கிராமத்து வீட்டில் ரேடியோ கெட்டுப்போயிருந்தது, அவளுக்கு எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவன் காணும் கனவு என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாசிப்பில் பிடிப்பில்லை. கனவாக்கிவிட்டால் லாரா மறுபடி ஓவியமாகிவிடுவாள்.

திரும்பி வந்த லாரா ஏமாற்றம் தருகிறாள், அவ்வளவு பேச்சுக்குப் பிறகு சாதாரணப் பெண்ணாக இருக்கிறாளே என்பது பார்வையாளர்கள் அடிக்கடி சொல்கிற குறை. எனக்குப் படம் அங்கேதான் உயர்கிறது. விளம்பர அலுவலகத்தில் வேலை பார்க்கிற, கல்யாணம் பேசியிருக்கிற ஷெல்பி மாதிரி உதவாக்கரையைக் கட்டிக்கொள்ளலாமா என்று குழம்புகிற, பொய்யும் சொல்கிற ஒருத்தி. அவளைத் தான் செதுக்கியதாக நினைக்கிறான் வால்டோ. கையில் கிடைத்த வசதியாக நினைக்கிறான் ஷெல்பி. மெக்ஃபர்சன் அவள் இல்லாத வீட்டில் அவளைக் காதலித்தவன். வந்து நிற்கிற பெண் இந்த மூன்று படங்களில் எதற்கும் பொருந்தவில்லை. மெக்ஃபர்சன் அவளைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய், கண் கூசும் விளக்கை முகத்தில் அடிக்கிறான்; அவள் சொன்னதும் அணைத்துவிடுகிறான். ஒருவன் ஓவியத்திலிருந்து ஆளிடம் வந்து சேர்வதை அதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

குறைகளை மறைக்கப் போவதில்லை. கடைசியில் கடிகாரத்துக்குள் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மெக்ஃபர்சன், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அதை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறான். எந்த ஊர் போலீஸ்காரனும் செய்யாத காரியம். வால்டோ மறுபடி வந்து அதை எடுக்க வேண்டும் என்பதற்காகவே போட்ட முடிச்சு. அதேபோல் சந்தேகத்துக்குரிய வால்டோவை விசாரணைக்கெல்லாம் கூடவே அழைத்துப்போவதும். இவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கதை வீரா காஸ்பரியின் நாவல். 1942இல் பத்திரிகையில் தொடராக வந்து மறுவருஷம் புத்தகமானது. நாவலில் துப்பாக்கி இருந்தது வால்டோவின் கைத்தடிக்குள். படத்தில் அதைக் கடிகாரத்துக்கு மாற்றியதை நான் ஏற்றுக்கொள்கிறேன், அந்த மாற்றத்தால்தான் முதல் காட்சியே கிடைத்தது. நாவலில் ஆளுக்கு ஒரு பகுதியாகக் கதை சொல்கிறார்கள். வால்டோ ஒரு பகுதி, மெக்ஃபர்சன் ஒரு பகுதி, லாராவுக்கும் தன் கதையைத் தானே சொல்ல ஒரு பகுதி. படத்தில் குரல் கிடைத்தது வால்டோவுக்கு மட்டும். லாராவைப் படம் கையாண்ட விதத்தில் காஸ்பரிக்குக் கடைசிவரை வருத்தம் இருந்தது. பிரெமிஞ்சரோடு சண்டையே போட்டிருக்கிறார். மூன்று ஆண்கள் ஒரு பெண்ணைத் தங்களுக்குத் தோன்றியபடி வரைந்துகொள்கிற கதையில், அவள் பேசுகிற பகுதியையே எடுத்துவிட்டார்கள். இந்தக் குறையைச் சொல்லி யாராவது என்னோடு வாதாட வந்தால் உட்கார்ந்து கேட்பேன். அப்போதும் அந்த மழை ராத்திரியைப் போட்டுக் காட்டாமல் அவரை அனுப்ப மாட்டேன்.