பட்டரவாக்கத்துப் புறாக்கள்

காலை ஏழரைக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கியதும் மூக்குக்குத்தான் முதல் வேலை. டீசல், வெல்டிங் புகை, எங்கிருந்தோ பெயின்ட் வாடை. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1964-ல் தொடங்கியது. நான் போனது புறா பார்க்க.

தேட வேண்டியதே இல்லை. ஷெட் கூரை ஓரம், மின்கம்பி, டீக்கடை வாசல், எங்கும் அதுதான். டீ 15 ரூபாய். “இதுங்களுக்கு என்ன சார், எதைத் தின்னாலும் ஒண்ணும் ஆவாது” என்றார் கடைக்காரர். நான் தரையைக் கவனித்தேன். சிந்திய மிக்சரைக் கொத்திவிட்டு, லேத் பட்டறை வாசலில் இரும்புத்தூள் கலந்த மண்ணையும் ஒரு புறா கொத்திக்கொண்டிருந்தது. தானியத்தை அரைக்கப் பல் கிடையாது. பொடிக்கல்லை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். மண்ணில் ஈயம் இருந்தால் அதுவும் கூடவே உள்ளே போகும். பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாத பறவை என்பதால், அதன் ரத்தம் அந்த வட்டாரத்தின் கணக்கைச் சொல்லிவிடும்.

நியூயார்க்கில் சொல்லியிருக்கிறது. 2010 முதல் 2015 வரை நோயோடு வந்த 825 புறாக்களுக்குச் சிகிச்சைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனைகளை ரெபெக்கா கலிசி குழு ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்த வட்டாரங்களில் புறாக்களுக்கும் கூடுதல். கோடையில் இரண்டுமே ஏறின. ஆய்வுக்கென்று ஒரு புறாவைக்கூடப் பிடிக்கவில்லை.

பிளாட்பாரத்தில் வெளிறிய இறகு ஒன்று கிடந்தது. ஈரக் கைக்குட்டையால் துடைத்தேன். மை தீற்றியதுபோல் கறுப்பு. இது புகைக்கரியாக இருக்கலாம், ரோட்டு அழுக்காகவும் இருக்கலாம். ஈயம் உண்டா என்று கைக்குட்டை சொல்லாது. ஆனால் இறகில் படியும் கரியையே ஆவணமாக்கியவர்கள் உண்டு. அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடம்செய்த பறவைகளைப் படமெடுத்து, 135 ஆண்டுக் கரிப்புகை ஏறி இறங்கியதை ஷேன் டுபே, கார்ல் ஃபுல்ட்னர் இருவரும் 2017-ல் காட்டினார்கள்.

ஆவடிக்கு ரயிலில் 5 ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பருத்திப்பட்டு ஏரி, மூன்று கிலோமீட்டர் இருக்கும். நீர்க்காகமும் கொக்கும் அழகுதான், இந்த வேலைக்கு ஆகாது. எங்கெங்கோ மேய்ந்து வருபவை. உடம்பில் இருப்பது எந்த ஊர் அழுக்கு என்று யார் பிரிப்பது?

பூந்தமல்லியில் வரதராஜப் பெருமாள் கோவில் பக்கம் மறுபடி புறாக் கூட்டம். ஒரு அம்மா கம்பு இறைத்துக்கொண்டிருந்தார், கிலோ 50 ரூபாயாம். அதே மண்ணில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடினார்கள்.

பிள்ளைகளின் ரத்தத்தைச் சென்னையில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளைச் சோதித்து, 2009-ல் வெளியிட்டார்கள். சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்காவில் இன்று 3.5-ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோலை நாடு 2000-த்திலேயே நிறுத்திவிட்டது. மண்ணில் இறங்கிய ஈயமோ தானாகப் போவதில்லை.

அரும்பாக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவி இருக்கிறது, தொழிற்பேட்டையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். காற்றில் தூசு எவ்வளவு என்று சொல்லும். உடம்புக்குள் போய் அது என்ன செய்தது என்பதை ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிள்ளைகளைக் குத்துவதற்கு முன் புறாவைப் பார்க்கலாமே.

வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ கிண்டி ப்ளூ கிராஸுக்கோ அடிபட்ட புறாவைத் தூக்கிப் போகிறவர்கள், எடுத்த தெருவையும் பின்கோடையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்: தொழிற்பேட்டை 600058, ஆவடி 600054, பூந்தமல்லி 600056. சிகிச்சைக்கு எடுக்கும் ரத்தத்தில் ஒரு சொட்டை ஈயத்துக்கும் சோதிக்கக் கால்நடைப் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும்.