புடோலும் கல்லும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் சுரைக்காய்க்குக் காட்டும் இரக்கத்தைப் புடோலங்காய்க்குக் காட்டுவதில்லை. பந்தலிலே தொங்கும் சுரைக்காய் பருத்துக் கொடியை இழுக்கத் தொடங்கினால், உறி ஒன்று கட்டி அதனைத் தாங்கிவிடுவர். புடோலங்காய்க்கோ நுனியிலே கல்லைக் கட்டித் தொங்கவிடுவர். காய் நீளமாக வளர்வதற்கே இக்கல் என்று சிறுவயதில் எண்ணியிருந்தோம். பட்டம் பெற்றுப் பத்தாண்டு படிப்பித்த பின்னரும் அவ்வெண்ணம் நம்மை விட்டு நீங்கவில்லை. நீக்கியவன் நம் வகுப்பு மாணவன் ஒருவன்.

காலையில் முதற் பாடம் தமிழ். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவன் பிந்தியே வருவான். ஒருநாள் பொறுமையிழந்து காரணம் கேட்டோம்.

"புடோலுக்குக் கல்லுக் கட்டிப்போட்டு வாறன், சேர்."

வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒளிப்பதற்கில்லை. பிந்தி வருவோரை முதற் பாடம் முடியும்வரை வாசலில் நிறுத்தவேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்திலே தீர்மானித்தபோது, கையுயர்த்தியவருள் நாமும் ஒருவர்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் அவர்களுடைய தோட்டத்துக்குச் சென்றோம். நாலு பரப்புக் குத்தகைக் காணி. ஆளுயரத்துக்குச் சற்று மேலாகக் கம்பியும் தடியும் பரப்பிய பந்தல். இரவிலே விரிந்து அந்துப்பூச்சிகளை அழைத்த வெண்பூக்கள், நூல் நூலாகப் பிரிந்த இதழ்களைச் சுருட்டிக்கொண்டிருந்தன. தந்தையார் சந்தைக்குக் காய் அறுத்தார். அறுத்த காய்களின் கற்களைக் கழற்றிப் புதுப் பிஞ்சுகளுக்குக் கட்டிக்கொண்டு போனான் மகன். ஒரு போகம் முழுவதும் அதே கற்கள்தாம், பிஞ்சுகள்தாம் மாறுகின்றன.

எங்கும் கிடைக்கும் சுண்ணாம்புக்கற் சில்லும் வாழைநாருமே கருவிகள். ஆனால் செய்கை எளிதன்று. மிக இளம்பிஞ்சிலே கட்டினால் காம்பு அறும். ஏறக்குறைய ஒரு சாண் வளரட்டும் என்று காத்திருக்கவேண்டும். கல்லின் பாரத்தை அவன் உள்ளங்கையிலே வைத்து நிறுத்துப் பார்த்தான். "கூடினால் முறிஞ்சிடும், சேர். குறைஞ்சால் காய் சொல்லுக் கேக்காது." காயின் நீளம் விதையின் குணமாம், கல் அதனை நேராக்குவது மட்டுமே. தடியிலோ கொடியிலோ முட்டிய பிஞ்சு வளையும். பழ ஈ குத்திய பிஞ்சும் குத்துப்பட்ட பக்கம் வளராமல் வளையும். அதற்குக் கல் கட்டிப் பயனில்லை, பிடுங்கிப் புதைக்கவேண்டியதுதான். தாவரவியல் ஆசிரியர் எவரும் நமக்கு இவற்றைச் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

"வளைந்த காய் ருசி குறைவோ?" என்று தந்தையாரைக் கேட்டோம்.

"ருசிக்கென்ன குறை, சேர்? அதைத்தானே நாங்கள் வீட்டிலை சமைக்கிறம்."

சந்தை நேரான காயையே கேட்கிறது. வியாபாரி பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை: நேரான காய்களைக் கட்டாகக் கட்டி லொறியில் அடுக்கலாம், வளைந்தவை நெருக்கத்தில் முறியும். கல்லே வேண்டாத குட்டைப் புடோல் இனங்களும் உண்டு. ஆனால் இவரிடம் வாங்குபவர் நெடுங்காயே வேண்டும் என்கிறாராம். சரி, நேராக்கிக் கொடுத்தாயிற்று. அதன்பின்னும் 100 கிலோ நிறுத்தால் 90 கிலோவுக்கே பணம். மிகுதி 10 கிலோ ‘கழிவு’. நம் பகுதிச் சந்தைகளிலே தோட்டக்காரர் நெடுங்காலமாக முறையிட்டுவரும் வழக்கம் இது. தமிழ் படித்தவர் என்ற முறையில் அச்சொல்லை நினைத்துப் பார்த்தோம். கழிக்கப்படுவதும் கழிவு, குப்பையும் கழிவு. கல்லுக் கட்டி, வளைவு நீக்கி, ஈ குத்தியதைப் புதைத்து, எஞ்சிய நல்ல காயிலே கழிப்பதற்கு என்ன இருக்கிறது? பையனின் விடியற்காலைகள் அந்தப் பத்துக் கிலோவிலே இருக்கின்றன. பள்ளிக்கூட வாசலில் அவன் நின்ற நேரமும் இருக்கிறது.

அடுத்த கூட்டத்திலே அத்தீர்மானத்தை மீண்டும் எடுத்துப் பேசவேண்டும் என்று அதிபருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அன்று உயர்ந்த கைகளில் எத்தனை இறங்கும் என்பது அப்போது தெரியும்.

புறப்படும்போது தந்தையார் இரண்டு காய்களை எடுத்து நம் சைக்கிளிலே கட்டினார். இரண்டும் அரிவாள்போல் வளைந்தவை. பணத்தை நீட்டினோம். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"விக்காததுக்கு என்ன விலை, சேர்?"