சத்தம் கேட்டுச் சொல்லும் வேலை

கழக்கூட்டத்தில் மேம்பாலத்தைத் தாண்டி ஒரு கிளைச் சாலையில் இருக்கிறது அந்த வர்க்‌ஷாப். தகரக் கூரை, இரண்டு வண்டி நிறுத்த இடம், சுவரோரம் ஸ்பேனர் பலகை. நடத்துபவர் மார்த்தாண்டத்துக்காரர். அப்பா காலத்திலேயே தொழிலுக்காகத் திருவனந்தபுரம் பக்கம் வந்த குடும்பம். 1956 நவம்பர் வரை மார்த்தாண்டமும் இந்த ஊரும் ஒரே மாநிலத்தில்தானே இருந்தன. பையன்கள் அவரை ‘ஆசான்’ என்று கூப்பிடுகிறார்கள். கேரளத்து வர்க்‌ஷாப்புகளில் தலைமை மெக்கானிக்குக்கு அதுதான் மரியாதை.

நான் போனது ஜூன் மழையில். ‘வண்டி ஸ்டார்ட் ஆகலை’ என்ற போன்கள் அதிகம் வரும் மாதம். ஆசான் எடுத்ததும் கேட்பது வண்டியின் பெயரை அல்ல. “சாவி திருப்பும்போ என்ன சத்தம் வருது சாரே?” சொல்லத் தெரியாதவர்களிடம், போனை வண்டிக்குள் வைத்து ஒருமுறை திருப்பச் சொல்கிறார். கண்ணை மூடிக் கேட்கிறார்.

வேகமாக ‘டக் டக் டக்’ என்றால் பேட்டரியில் சக்தி போதவில்லை. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சுமையில் வோல்ட்டேஜ் சரிந்ததும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலினாய்டு விட்டுவிடுகிறது. சுமை நீங்கியதும் வோல்ட்டேஜ் ஏற, மறுபடி பிடிக்கிறது. அந்தப் பிடித்து விடுதல்தான் சத்தம். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு நின்றுபோய், ஹெட்லைட்டும் மங்காமல் இருந்தால் செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போகும் கேபிளையோ சந்தேகிக்க வேண்டும். சத்தமே இல்லாமல், விளக்கு மட்டும் பிரகாசமாக எரிந்தால் ரிலே, கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் சுவிட்ச். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? பேட்டரியை விட்டுவிடலாம், பெட்ரோல் பம்ப், ஸ்பார்க், கிராங்க் சென்சார், சாவியை அடையாளம் காணாத இம்மொபிலைசர் என்று தேடல் வேறு பக்கம் போகும். பாதி நோய் போனிலேயே பிடிபட்டுவிடுகிறது.

அன்று கட்டி இழுத்து வந்த ஒரு காரில் அப்போதுதான் புதுப் பேட்டரி மாற்றியிருந்தார்கள். ஆனாலும் செல்ஃப் முனகியதே தவிரச் சுற்றவில்லை. வேறிடத்தில் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை பார்க்கும் அந்தக் காரின் இளைஞர் பல ஆயிரம் செலவுக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

ஆசான் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தார்: 12.6 வோல்ட். முழு சார்ஜ். பிறகு ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, பையனிடம் சாவியைத் திருப்பச் சொன்னார். சரியான வண்டியில் அங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மீட்டர் இரண்டுக்கு மேல் காட்டியது. செல்ஃபுக்குப் போய்ச் சேர வேண்டிய வோல்ட்டேஜ் திரும்பும் வழியிலேயே தொலைந்துகொண்டிருக்கிறது.

“எர்த்து சரியில்லேன்னா புது பேட்டரி வச்சு என்னத்துக்கு மக்கா?” என்று பையனிடம் சொல்லிக்கொண்டே வண்டிக்கடியில் போனார். கழக்கூட்டத்திலிருந்து தும்பைக் கடற்கரை சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்றும் மழைச் சேறும் சேர்ந்து எர்த் பட்டையின் போல்ட்டைத் துருவால் மூடியிருந்தன. கழற்றி, உப்புத்தாளில் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, புது வாஷர் போட்டு முறுக்கினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

முந்நூறு ரூபாய் கேட்டார். “உரசிவிட்டதற்கா?” என்றார் அந்த இளைஞர், மலையாளத்தில். பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போனார், ஆனால் அந்தக் கேள்வியால் எனக்கு மனம் ஆறவில்லை. மோட்டாரை மாற்றியிருந்தால் அதன் விலையை முணுமுணுக்காமல் கொடுத்திருப்பார். பழுது அப்படியே இருந்திருக்கும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் முழு அறிவும். அதற்குக் கூலி இல்லை, கழற்றி மாட்டும் சாமானுக்குத்தான் உண்டு என்றால், தேவையில்லாத சாமானை மாட்டுகிறவனே பிழைப்பான்.

அந்த அறிவு கோளாறு வருமுன்பே காப்பதும் உண்டு. 2020 ஊரடங்கில் டெக்னோபார்க் வேலை வீட்டுக்குப் போனபோது அடுக்குமாடி நிறுத்தங்களில் கார்கள் மாதக்கணக்கில் கிடந்தன. சாவியை எடுத்த பிறகும் அலாரமும் கடிகாரமும் துளித் துளியாக மின்சாரம் குடிக்கும். காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏறாது. வாரம் ஒருமுறை அரைமணி ஓட்டுங்கள், முடியாவிட்டால் நெகட்டிவைக் கழற்றிவையுங்கள் என்று அப்போது தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னாராம்.

இதைவிடப் பெரியது 2023 அக்டோபர் வெள்ளம். தெற்றியாறு பொங்கி டெக்னோபார்க் பக்கமெல்லாம் தண்ணீர். அன்று அவர் சொன்னது ஒன்றே: “சாவியத் தொடாதீங்க.” ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். சில ஆயிரத்தில் முடிவது ஒரு லட்சத்தைத் தொடும். தொடாமல் விட்டவர்களின் வண்டியில் பேட்டரியைக் கழற்றி, ஃபில்டரைப் பார்த்து, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றினார். பல எஞ்சின்கள் அப்படித் தப்பின. அந்த ஒரு வாக்கியத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அவரால் பெரிய பில் போட முடிந்தது, கேட்காமல் சாவியைத் திருப்பியவர்களுக்கு மட்டும்தான்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தாலே பில்லில் தனி வரி விழுகிறது. நீங்களும் பார்த்துச் சொல்வதற்கென்று தனிக் கூலி எழுதுங்கள், கூச்சப்படாமல் வாங்குங்கள் என்று வற்புறுத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அடுத்த பில் புக் அடிக்கும்போ ஒரு வரி சேத்துப் போடுதேன்” என்றார்.