கல் விழுந்த கை

சிறுவனாயிருந்தபோது எனக்கு வயலின் கற்பித்தார்கள். நாள்தோறும் விடியலில் எழுந்து சரளிவரிசை வாசித்தல் வேண்டும். ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன், மணிக்கட்டுச் சுளுக்கிக்கொண்டது. வீட்டார் பதறினர். நானோ உள்ளூர மகிழ்ந்தேன்! சோம்பலே அம்மகிழ்ச்சிக்குக் காரணம் என்று நெடுநாள் நாணியிருந்தேன். பாப்லோ காசல்ஸ் என்பாரின் வரலாற்றைப் படித்த பின்னரே அந்நாணம் சற்றுத் தணிந்தது.

காசல்ஸ் செல்லோ வாசிப்பதில் பெரும்புகழ் எய்தியவர். செல்லோ வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெருங்கருவி. நான்கு தந்திகளை உடையது. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே அதனை நிறுத்தி, வில்கொண்டு இசைப்பர். அதன் ஒலி ஆடவர் குரல்போல் ஆழ்ந்து ஒலிக்கும்.

அவர் 1876-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுக் காத்தலோனியாவில் பிறந்தார். தந்தையார் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மகனின் ஆவலைக் கண்டு, சுரைக்குடுக்கையில் ஒற்றைத் தந்தி பூட்டி ஒரு கருவி செய்துகொடுத்தார். பதினோராம் வயதில் உண்மையான செல்லோவின் ஒலியைக் கேட்ட சிறுவன், அதுவே தன் கருவி எனத் துணிந்தான். பார்சலோனா நகருக்குச் சென்று பயின்றான். அக்காலத்து ஆசிரியர்கள் மாணவனின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கி, அது நழுவாதவாறு வாசிக்கப் பணிப்பார்களாம். அம்முறை அவனுக்குப் பொருந்தவில்லை. கையைத் தளர்வாக இயக்கும் வழியைத் தானே தேடிக் கண்டான். மாலையில் காப்பிக்கடை ஒன்றில் வாசித்துப் பொருளும் ஈட்டினான்.

1890-இல் பழைய இசையேடுகள் விற்கும் கடையொன்றில், செபாஸ்டியன் பாக் தனிச் செல்லோவுக்கென இயற்றிய ஆறு இசைத்தொகுதிகள் அவனுக்குக் கிடைத்தன. பலரும் அவற்றை வெறும் பயிற்சிப் பாடமாகவே கருதி வந்தனர். அவனோ பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பின்னரே, அவற்றுள் ஒன்றை மேடையில் வாசிக்கத் துணிந்தான். பன்னிரண்டு ஆண்டுகள்! நான் ஒரு வருணத்தைப் பன்னிரண்டு நாள் பயிலப் பொறுத்ததில்லை.

1901-இல் காசல்ஸ் அமெரிக்காவில் இசைப்பயணம் மேற்கொண்டிருந்தார். சான்பிரான்சிஸ்கோவை அடுத்த மலையொன்றில் இறங்கிவருகையில், ஒரு பாறை உருண்டு அவருடைய இடக்கைமேல் விழுந்து விரலை நசுக்கியது. அப்போது அவர் உள்ளத்தில் முதலில் எழுந்தது யாது? இனிச் செல்லோ வாசிக்க வேண்டுவதில்லை என்ற நிம்மதி! இதனை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். மேடையேறும் ஒவ்வொரு முறையும் அவரை அச்சம் வாட்டியது. கலையின் சுமையை அவர் அறிந்திருந்தார். எனினும் கை ஆறியதும் மீண்டும் வில்லை எடுத்தார். நான் எடுக்கவில்லை, வேறுபாடு அவ்வளவே.

பிற்காலத்தில் அவர் தாமே வில்லைத் தாழ்த்தினார். உள்நாட்டுப் போரில் பிராங்கோ வென்றபின், பிரான்சு நாட்டுப் பிராட் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னும் வல்லரசுகள் பிராங்கோவின் ஆட்சியைப் பொறுத்துக்கொண்டதைக் கண்டு, மேடையில் வாசிப்பதை நிறுத்தினார். அப்போது அவர் கைக்கு ஊறு ஏதுமில்லை, அழைப்புகளும் குறையவில்லை. 1950-இல் பாக் மறைந்த இருநூறாம் ஆண்டு வந்தது. அவர் வெளியூர் செல்ல மறுத்தமையால், இசைக்கலைஞர்கள் பலர் அச்சிற்றூருக்கே திரண்டு வந்தனர். அங்கே அவர் மீண்டும் வாசித்தார்.

1973-இல் போர்ட்டோரிக்கோவில் அவர் மறைந்தார். பிராங்கோ இறந்து நான்காண்டுகள் கழிந்த பின்னர், 1979-இல், அவர் உடல் பிறந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது.