கொள்கலனும் குரலும்

தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரும்பு ஏணி வழியே ஏறிச் சேரும் மேல்தளத்து அறை அது. அறையை அங்குள்ள தமிழர் ‘கோலி’ என்பர்; மராத்தியிலிருந்து வந்து நிலைத்த சொல். மொழியியலில் முதுகலை பயிலும் மாணவி ஒருத்தி நள்ளிரவில் பழைய மடிக்கணினி ஒன்றில் இணைய வழங்கியை நிறுவிக்கொண்டிருந்தாள். கீழிருந்து ஆச்சி குரல் கொடுத்தார்: “என்னட்டி செய்யுத, இன்னும் தூங்கலையா?”

“ஒரு பெட்டிக்குள்ள கடை போடுதேன் ஆச்சி.”

அந்த விடை ஏறக்குறையச் சரியானதே.

அவள் நோக்கம் எளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிப் பகுதி மக்கள் தோல் தொழிலை நாடித் தாராவிக்கு வந்து குடியேறினர். தோல் பதனிடுதல் இன்று பெரும்பாலும் அவ்விடத்தை விட்டு வெளியேறிவிட்டது. பைகளும் இடைவார்களும் தைக்கும் பட்டறைகள் நிற்கின்றன. ஒரு தொழில் போனபின் அதன் சொற்கள் முதியோர் நாவில் மட்டும் சில காலம் தங்கும். அச்சொற்களைப் பேச்சின் போக்கிலேயே ஒலிப்பதிவு செய்து, அதே சந்தில் வாழ்வோர் தம் கைபேசியில் கேட்குமாறு வைக்க வேண்டும் என்று அவள் எண்ணினாள். அதற்கு ஒரு வழங்கி வேண்டும். மடிக்கணினியில் ஏற்கெனவே இருந்த பாட வேலைகளைக் குலைக்காமல் அதனை நிறுவ, மென்பொருள் கொள்கலன் வசதியாகத் தோன்றியது.

கொள்கலன் என்பது கணினிக்குள் இன்னொரு முழுக் கணினி அன்று. மெய்நிகர் கணினி தனக்கெனத் தனிக் கருவகத்தைக் கொண்டிருக்கும்; கொள்கலனோ தன்னைத் தாங்கும் கணினியின் கருவகத்தையே பகிர்ந்துகொண்டு, கோப்புகள், இயங்கும் நிரல்கள், பிணையம் ஆகியவற்றை மட்டும் தனியே பிரித்துக்கொள்ளும். ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிரும் கோலிகளில் வளர்ந்தவளுக்கு இதனை விளங்கிக்கொள்ள நேரம் பிடிக்கவில்லை. இவ்வகைப் பிரிப்பு புதியதும் அன்று. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘சிரூட்’, 2000-இல் ஃப்ரீபிஎஸ்டியில் ‘ஜெயில்’, 2008-இல் லினக்ஸ் கருவகத்தில் வளங்களைப் பங்கிடும் வசதி எனப் படிப்படியாக வளர்ந்து, 2013-இல் வெளியான டாக்கர் வழியே அது பரவலானது. பெயர் மட்டும் கப்பல் வாணிபத்திலிருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மும்பைக்கு எதிர்க்கரையில் 1989-இல் செயல்படத் தொடங்கிய நவசேவாத் துறைமுகம் அப்பெட்டிகளாலேயே வாழ்கிறது. தமிழில் ‘கலம்’ பாத்திரத்தையும் குறிக்கும், கப்பலையும் குறிக்கும். கொள்கலன் என்னும் சொல்லாக்கத்தில் இரண்டும் தாமே வந்து அமர்ந்துவிட்டன.

முதலில் அவள் வெறும் லினக்ஸ் படிமம் ஒன்றை எடுத்து, அதில் இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட எஞ்சின்-எக்ஸ் வழங்கியைத் தானே நிறுவினாள். கட்டளை கொடுத்ததும் கொள்கலன் எழுந்தது, மறுநொடியே நின்றது. பிழைச்செய்தி ஏதும் இல்லை. காரணம் பின்னர்தான் விளங்கியது. எஞ்சின்-எக்ஸ் இயல்பாகப் பின்னணிக்குச் சென்று வேலை செய்யும். கொள்கலனோ தன் முதல் நிரல் முன்னணியில் இயங்கும் வரையே உயிரோடிருக்கும். அந்நிரல் பின்வாங்கினால் வேலை முடிந்ததென்று எண்ணித் தானும் அடங்கிவிடும். பின்னணிக்குச் செல்லாதே என்று ஒரு வரி சேர்த்ததும் நிலைத்தது. உள்ளே 80 என்னும் வாயிலை வெளியே 8080-உடன் இணைத்ததும் பக்கம் திறந்தது.

திறந்த பக்கத்தில் தமிழ் இல்லை. ‘தாராவி’ என்று எழுதிய இடத்தில் 18 புரியாத குறிகள் நின்றன. அந்த எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. இலக்கணக் கணக்கில் தாராவி மூன்று எழுத்து. யூனிகோடில் மெய்யேறிய எழுத்தும் உயிர்க்குறியும் தனித்தனியாதலால் ஆறு குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் மூன்று பைட்டு, ஆகப் பதினெட்டு. இன்ன முறையில் எழுதப்பட்டது என்று வழங்கி சொல்லாததால், உலாவி ஒவ்வொரு பைட்டையும் ஒரு மேலை எழுத்தாகப் படித்துவிட்டது. அமைப்புக் கோப்பில் எழுத்து முறையைக் குறித்ததும் தாராவி தாராவியாயிற்று.

அதன்பின் மூன்று வாரம் வேலை சீராக நடந்தது. கொள்கலனுக்குள் நுழைந்தே பக்கங்களைத் திருத்தினாள். ஒலிப்பதிவுகளையும் நேரே அதற்குள் இட்டாள். கைபேசியில் இடம் போதாமையால் அங்கிருந்த மூலங்களை அழித்தாள். பின்னர் ஒரு நாள், எஞ்சின்-எக்ஸின் புதிய பதிப்பை ஏற்ற வேண்டிப் பழைய கொள்கலனை நீக்கிவிட்டு, புதியதை எழுப்பினாள். அது பளிச்சென்று எழுந்தது. உள்ளே வெற்று வரவேற்புப் பக்கம் மட்டுமே இருந்தது.

இது கருவியின் குறை அன்று. அதன் இலக்கணமே அது. படிமம் மாறாதது. கொள்கலன் இயங்கும்போது எழுதப்படுபவை யாவும் அதன் மேல் போர்த்திய மெல்லிய ஏடு ஒன்றில் சேரும். கொள்கலனை நிறுத்தினால் அவ்வேடு இருக்கும். நீக்கினால் அதனோடு போய்விடும். எத்தனை முறையும் குறையின்றி மீண்டும் எழுப்பலாம் என்பதே கொள்கலனின் பெருமை. ஆய்வுலகம் அதனை விரும்புவதும் அதற்காகவே: நிரலையும் சூழலையும் படிமமாக்கி வைத்தால் யாரும் எங்கும் அதே கணக்கீட்டை மீண்டும் செய்து பார்க்கலாம். ஆனால் களத்தில் ஒருவர் பேசிய பேச்சுக்குப் படிமம் கிடையாது.

இழந்தவற்றுள், இளமையில் தோல் பதனிட்ட பெரியவர் ஒருவரின் நாற்பது நிமிடப் பேச்சும் இருந்தது. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதும், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதப்படுத்துவதுமாக வரிசை பிசகாமல் சொல்லியிருந்தார். அவள் மீண்டும் அவரிடம் போனாள். “அதான் அன்னைக்கே சொன்னேனே தாயி” என்று சிரித்துவிட்டு, அவர் மறுபடியும் சொன்னார். இம்முறை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. முன்பு தம் கூட்டாளிகளைப் பற்றிப் பேசும்போது இடையிடையே வந்த சொற்கள் இப்போது வரவில்லை. பதிவாகிறது என்ற நினைப்பில் செய்தித்தாள் தமிழை நாடினார். ஒரு குறிப்பிட்ட பதத்தில் இருக்கும் தோலுக்கு அவர் முதல் நாள் ஒரு பெயர் சொல்லியிருந்தார். பிறகு விளக்கம் கேட்க வேண்டும் என்று அவள் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள். கேட்க வேண்டும் என்பதை எழுதினாளே ஒழிய, அச்சொல்லை எழுதவில்லை. அவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அச்சந்தின் கதவுகளில் அப்போது மறுசீரமைப்புக் கணக்கெடுப்பின் எண்கள் எழுதப்பட்டிருந்தன. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள் வீடு. பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தாருக்கும் வேறிடம் என்பது விதி. வரைபடம் இருந்தால் வீட்டை மீண்டும் எழுப்பலாம். ஒருவகையில் அது படிமம். கீழ்வீட்டாரும் மேல்வீட்டாரும் ஏணியடியில் நின்று பேசிய பேச்சு அந்த வரைபடத்தில் இல்லை. பேசுவோர் பிரிந்தபின் அதனைத் தேடிப் பதிவு செய்ய இயலாது.

இப்போது ஒலிகளும் சொற்பட்டியலும் கொள்கலனுக்கு வெளியே, மடிக்கணினியின் தனிக் கோப்புறையில் உள்ளன. வழங்கி அதனை வெளியிலிருந்து இணைத்துப் படிக்கும். அதில் எழுத அதற்கு உரிமை இல்லை. இன்னொரு படி செம்பூரில் உள்ள சித்தி வீட்டு வன்தட்டில் இருக்கிறது. கொள்கலனை அவள் அதன்பின் பலமுறை நீக்கி எழுப்பியிருக்கிறாள், ஒன்றும் போகவில்லை.

தமிழில் ‘வழங்குதல்’ கொடுப்பதையும் குறிக்கும், புழக்கத்தில் இருப்பதையும் குறிக்கும். சென்ற வாரம் பெரியவர் தம் பேரனின் கைபேசியில் தம் குரலைக் கேட்டார். ஊறவைக்கும் நாள் கணக்கு தவறு என்று சொல்லித் திருத்தினார். அருகிலிருந்த இன்னொருவர் அதை மறுத்தார். ஏணியடியில் வெகுநேரம் விவாதம் நடந்தது. மாணவி அதனையும் பதிவு செய்தாள். இறங்கிய கையோடு இரண்டு படி எடுத்தாள். அந்தச் சொல் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.