கொயிலோவர் வாங்க முதல் கணக்குப் பார்த்தோம்



எங்கள் சுவிப்ட்டின் முன் சொக் இரண்டும் எண்ணெய் கசியத் தொடங்கியதும் தம்பி ஒரே பிடி. "மாத்துறதெண்டா கொயிலோவராவே போடுவம் நானா." வருடத்தில் ஒரு தடவையாவது கட்டுக்குருந்த ஓடுபாதையில் ஓட வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை.

ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கார். கோப்பாயிலிருந்து எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கும், உம்மாவைக் கிளினிக்குக்கும், பெருநாளைக்கு எல்லோரையும் புத்தளத்துக்கும் கொண்டுபோவது அதுதான். கட்டுக்குருந்த களுத்துறைப் பக்கம். இங்கிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல். லொறியில் ஏற்றிப்போக வசதியில்லை. ஓட்டிப்போய், ஓடிவிட்டு, அதே காரில்தான் திரும்ப வேண்டும். அதனால் காசு கொடுக்க முதல் கொப்பியை எடுத்தோம்.

கொயிலோவரில் மந்திரம் ஒன்றுமில்லை. சொக்கைச் சுற்றி ஸ்பிரிங், சொக்கின் உடலில் மரை, அதில் வளையத்தைத் திருப்பினால் உயரம் கூடும், குறையும். சுவிப்ட்டில் முன்பக்கம்தான் அப்படி. பின்னால் ஸ்பிரிங் வேறு, சொக் வேறு.

பெட்டியில் 8 கிலோ என்று இருந்தால், 1 மில்லிமீற்றர் அமுக்க 8 கிலோ பாரம் வேண்டும் என்று அர்த்தம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் நாங்கள் படிப்பித்துப் பழகிய ஹூக்கின் விதியேதான். ஒரு முன் சக்கரத்தின்மேல் 250 கிலோ நிற்கிறது என்று வைப்போம். 2 கிலோ ஸ்பிரிங் 125 மில்லிமீற்றர் அமுங்கும். 8 கிலோ ஸ்பிரிங் 31 மட்டுமே. கார் துள்ளும் மீடிறன் முதலாவதில் செக்கனுக்கு ஏறக்குறைய 1.4, இரண்டாவதில் 2.8. விறைப்பு 4 மடங்கானால் மீடிறன் 2 மடங்கு. சாதாரண வீதிக் கார்கள் 1 இற்கும் 1.5 இற்கும் இடையில்தான் இருக்கும். 2.8 உடன் உம்மா புத்தளம் போய்ச் சேர்ந்தால் முதுகு மிஞ்சாது.

"ஆனா வளைவில சாயாதே" என்றான் தம்பி. உண்மைதான். சமதளமான ஓடுபாதையில் விறைப்பு நல்லது. கரடுமுரடான வீதியிலோ அதே விறைப்பில் ரயர் நிலத்தைப் பிடிக்காமல் துள்ளும். பிடிமானம் இல்லாவிட்டால் பிரேக்கும் இல்லை.

சொக்கின் வேலை ஸ்பிரிங்கின் துள்ளலைத் தணிப்பது. விறைத்த ஸ்பிரிங்குக்கு மெத்தனமான சொக் போட்டால் கார் ஆடிக்கொண்டே போகும். மாறாகத் திரும்பும் பக்கத்தை அளவுக்கு மீறி இறுக்கினால், அடுத்தடுத்த பள்ளங்களில் சக்கரம் இறங்க நேரமில்லாமல் கார் பதிந்துகொண்டே போகும். கிளிக் எண்ணிக்கை பார்த்து மயங்கக்கூடாது.

கடைசியில் முன்னுக்கு 4 கிலோ என்று முடிவெடுத்தோம். மீடிறன் 2 அளவில் வரும். உயரத்தை 25 மில்லிமீற்றருக்கு மேல் குறைப்பதில்லை. அடிப்பகுதியையும் திருப்பக்கூடிய வகை என்றால் பதித்தாலும் சொக்கின் ஓட்டம் குறையாது. உதிரிப்பாகம் கிடைக்கிறதா என்றும் விசாரித்தோம். மிச்சக் காசு நல்ல ரயருக்கும் பிரேக் பாட்டுக்கும். பூட்டியவுடன் அலைன்மென்ட் கட்டாயம்.

இன்னொரு நிபந்தனையும் வைத்தோம். கோப்பாய் – கைதடி வீதியில் 'செக்' பண்ணிப் பார்க்கிற வேலை இல்லை. 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, ஒரு சிறு பிள்ளை உட்பட 7 பேரைக் கொண்டுபோனது. ஏற்பாடு செய்த போட்டியிலேயே அப்படி. எங்கள் வீதியில் ஆடும் சைக்கிளும் நடந்துபோகிற பிள்ளைகளும்.

இதை எழுதக் காரணம் எங்கள் மாணவர்கள். ஸ்பிரிங்கை வெட்டிப் பதித்த கார்களை ஆசையோடு பார்க்கிறார்கள். சுருள் குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். சக்கரம் தொங்கும் நேரம் இருப்பிடத்தை விட்டுக் கழரவும் கூடும். பிள்ளைகளே, காசு சேரும்வரை பொறுங்கள். வெட்டாதீர்கள்.

தம்பிக்கு 4 கிலோ 'மெது'. உம்மாவுக்கு அதுவே 'கல்லு'. இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் முறைப்பாடு சொல்கிறார்கள் என்றால் கணக்கு சரிதான் போல, அல்ஹம்துலில்லாஹ். வாகனத்தில் ஏறும் எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.